பேராதனைக்குப் போகும் வழியில் எத்தனை கடதாசிகள்

நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றவள் நான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா கவ்வாத்து வெட்டினார், அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்தார். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் காலமெல்லாம் எங்கள் டிவிசனிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் தேடி வந்து பல்கலைக்கழக விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பரீட்சையில் தவறிப்போகும் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் நிறையப் பேசுகிறோம். பரீட்சையை வென்ற பிறகு ஒரு கையெழுத்தும் ஒரு முத்திரையும் இல்லாமல் பின்தங்கிப்போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. எனக்கு அதுதான் பெரிய கவலை.

முதலில் புள்ளிக் கணக்கு. இலங்கையில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் தமக்கான முதற்பட்ட மாணவர்களைத் தாமே நேரடியாகத் தெரிவு செய்துகொள்வதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் நாடு முழுவதற்கும் சேர்த்துத் தெரிவு செய்கிறது. மூன்று பாடங்களில் என்ன சித்தி கிடைத்தது என்பதை விட இசட் புள்ளிதான் முக்கியம். ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரிக்கு நாம் எவ்வளவு மேலே நிற்கிறோம் என்பதைச் சொல்லும் கணக்கு அது. 2001ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தது. கலைப் பிரிவைத் தவிர்த்த பெரும்பாலான பாடநெறிகளில், இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரம்பும். 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பகிரப்படும். மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்டி இல்லை.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மனம் கனக்கிறது. பேராதனை வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் கலஹா வீதியில் மேலே ஏறினால் தோட்டங்கள் வரத் தொடங்கும். இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர அந்தப் பக்கத்து மலையில்தான் இருக்கிறது. அங்கே இருப்பதும் லயம்தான். அங்கே அம்மாமார் சுமப்பதும் கொழுந்துக் கூடைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் கண்டி மாவட்டம். கண்டி நகரத்துப் பெரிய பாடசாலைகளில் எல்லா வசதியோடும் படிக்கும் பிள்ளைகளோடு ஒரே மாவட்ட வரிசையில் நின்று போட்டியிட வேண்டும். எனக்குக் கிடைத்த சலுகை, பல்கலைக்கழகத்துக்கு என்னைவிட மிக அருகில் பிறந்த அவர்களுக்கு இல்லை. பின்தங்கிய நிலையை மாவட்டத்தைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. பாடசாலையையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தோம், எங்கே வசித்தோம் என்பதை வைத்தே மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. நல்ல டியூசன் கிடைக்கும் என்று இடையில் வேறு மாவட்டத்துப் பாடசாலைக்கு மாறுவதற்கு முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும். அந்த ஆண்டுக்கென ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் உள்ள விதியை ஆசிரியரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது விருப்பத் தெரிவு. கைந்நூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு குறியீடு இருக்கும். அவற்றை நாம் விரும்பும் வரிசையில் எழுத வேண்டும். முந்திய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை (தெரிவாவதற்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளிகளை) பார்த்துப் பயந்து, கிடைத்துவிடும் என்று நினைப்பதை முதலில் போடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் அதிகம். அது தேவையற்ற பயம். கணினி வரிசையின் உச்சியிலிருந்து கீழே வரும். எந்த இடத்தில் நம் புள்ளி போதுமானதாக இருக்கிறதோ அங்கே நிற்கும். மேலே எழுதியது கிடைக்கவில்லை என்பதற்காகக் கீழே உள்ளதில் நம் உரிமை குறைவதில்லை. ஆனால் கீழான விருப்பத்தை மேலே எழுதிவிட்டால், அதற்குத் தெரிவான பின், கீழே எழுதிய நல்லதைக் கேட்க முடியாது. எங்கள் உயிரியல் டீச்சர் இதை எனக்குப் புரியவைத்தார். “உனக்கு எது வேண்டும் என்று எழுது பிள்ளை. கிடைக்குமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றார். மருத்துவத்துக்கு என் புள்ளி போதாது என்று தெரிந்திருந்தும் அதை முதலில் எழுதச் சொன்னார். அதற்கடுத்து நான் எழுதியது பேராதனையின் விவசாயப் பாடநெறி. வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. “தோட்டத்தை விட்டுப் போவதற்குத்தானே படித்தாய், மறுபடியும் மண்வெட்டியா?” என்று பெரியப்பா கேட்டார். தேயிலையில் பிழைக்கும் ஊரிலிருந்து தேயிலையைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்டேன். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார்.

இனிக் கடதாசிகள். இதைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும்.

என் பிறப்புப் பதிவு சிங்களத்தில் எழுதப்பட்டது. அதில் அப்பாவின் பெயர் ஒரு விதம்; பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு விதம்; என் அடையாள அட்டையில் மூன்றாவது விதம். என் பிறந்த ஊரின் பெயரும் பொருந்தவில்லை. தோட்டத்தில் பிறந்த குழந்தையின் விவரத்தை யாரோ ஒருவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதிய காலத்தில் இதெல்லாம் சாதாரணம். பாடசாலைக்குப் போகும்போது யாரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகப் பதிவு என்று வந்ததும் ஒவ்வோர் எழுத்தும் முக்கியமாகிவிட்டது. திருத்துவதற்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மா அப்பாவின் திருமணச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலை அதிபரின் கடிதம், சமாதான நீதவான் முன் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். அப்பாவுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை; உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் அப்பாவுக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போனது. கருமபீடத்தில் இருந்தவர் தமிழ் அறியாதவர். சிங்களம் நன்றாகப் பேசும் மாமா கூட வராத நாளில் நாங்கள் வெறுமனே திரும்பினோம்.

எங்கள் குடும்பங்களில் கடதாசி என்றாலே ஒரு நடுக்கம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோர் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இந்தியாவோடு செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இரு பக்கமும் பிரித்தது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது. என் தாத்தா தன் கடதாசிகளையெல்லாம் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார், யாரிடமும் காட்டமாட்டார். அந்தப் பெட்டியில்தான் அப்பாவின் பெயரைச் சரியாகக் காட்டும் பழைய பத்திரம் ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டுதான் என் பதிவு திருத்தப்பட்டது.

ஆகவே சாதாரண தரம் முடித்த பிள்ளை உள்ள வீடுகளுக்குச் சொல்கிறேன்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைப் பதிவு மூன்றையும் இப்போதே ஒன்றுக்கருகில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உயர்தரம் எழுத இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. திருத்தங்களுக்கு அந்தக் காலம் போதும். பெறுபேறு வந்த பிறகு தொடங்கினால், விண்ணப்ப முடிவுத் திகதி நமக்காகக் காத்திருக்காது.

வெட்டுப்புள்ளி வெளியாகி, பேராதனை விவசாயம் என்று உறுதியான பின் பதிவு செய்ய ஒரு திகதி தருவார்கள். அந்தத் திகதிக்குள் பதியாவிட்டால் இடம் போய்விடும். கைப்பேசியில் தகவல் வரும் என்று காத்திருக்காமல் நாமே தேடிப் பார்க்க வேண்டும். மகாபொல புலமைப்பரிசிலுக்குக் குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டும். தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளைக் கிழித்தெறியாமல் சேர்த்து வைத்திருந்தால் அந்த வேலை எளிது. 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிவைத்த அந்தத் திட்டத்தில் என் காலத்தில் மாதம் 5,000 ரூபாய் கிடைத்தது. பாடநெறிக்குக் கட்டணம் இல்லை, விடுதி வாடகையும் மிகக் குறைவு என்பதால் அந்தப் பணத்தில் கவனமாக இருந்தால் சாப்பிட்டுப் படிக்கலாம். ஆனால் முதல் சில மாதச் செலவுக்கு வேறு வழி பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அம்மாவின் சீட்டுப் பணம் இருந்தது.

ரயிலில் ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனைச் சந்தியில் இறங்கினோம். வளாகத்துக்குள் நுழைந்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, “இது என்ன தோட்டம்?” என்பது. பிறகு நூலகத்தில் வாசித்தபோதுதான் அவர் கேட்டது எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்தது. பல்கலைக்கழகத்துக்கெனத் தெரிவு செய்யப்பட்ட நிலம் புதிய பேராதனைத் தோட்டம் என்ற பெயருடையது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 ஒக்டோபரில் இங்கே இடம்பெயர்ந்தது. முதல் உபவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ், மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். திட்டம் வரைந்தோரில் பட்ரிக் அபர்குரோம்பி ஒருவர். கட்டடங்களுக்கு உருவம் கொடுத்தவர் ஷெர்லி டி அல்விஸ். ஹந்தானை மலையின் அடிவாரத்திலிருந்து மகாவலியின் இரு கரைகளிலும் ஏறத்தாழ 700 ஹெக்டயர் பரந்த அந்த நிலத்தில் இன்று ஒன்பது பீடங்கள் இருக்கின்றன. பொறியியல் பீடம் ஆற்றுக்கு அக்கரையில். அக்பர் பாலத்தைக் கடந்து போக வேண்டும்.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே இயக்கம் நடத்திய பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரால் அங்கே ஒரு விடுதி இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் நிலைக்காகவும் குரல் கொடுத்தவர் அவர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்ததும் இதே பேராதனையில்தான். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து ஆடும் என் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. வளாகத்துக் குன்றில் குறிஞ்சிக் குமரன் ஆலயமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே போனால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, மலையகம் என்று எல்லாப் பக்கத்துத் தமிழும் காதில் விழும்.

விரிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் படித்த எனக்கு முதல் ஆண்டு கடினமாகவே இருந்தது. அதைத் தாண்டியது நூலகத்தால். நாட்டில் அச்சாகும் நூல்களின் வைப்புப் படிகளைப் பெறும் நூலகம் அது. ஒவ்வொரு பாடத்துக்கும் இலகுவான நூல் ஒன்றை எடுத்து, மாலையில் விரிவுரைக் குறிப்போடு சேர்த்து வாசித்தேன். சிங்களத் தோழி ஒருத்தியும் நானும் ஒருவருக்கொருவர் உரக்க வாசித்துக் காட்டுவோம். அவளுக்கும் ஆங்கிலம் என் அளவில்தான் இருந்தது. மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்தும் பகிடிவதைக்குப் பயந்து பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். முறையிட வழி இருக்கிறது. பிள்ளைக்கு அதை முதலே சொல்லி அனுப்புங்கள்.

மண்ணியல்தான் என்னை முழுமையாக இழுத்துக்கொண்டது. தேயிலைக்கு அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். காரகாடித்தன்மை எண் (pH) 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பது நல்லது. ஆண்டுக்கணக்கில் உரம் போட்டு வந்தால் மண் அதற்கும் கீழே புளித்துப்போகும். அதனால்தான் கவ்வாத்துக் காலத்தில் டொலமைற் இடுகிறார்கள். சின்ன வயதில் அப்பா வெள்ளைத் தூளை அள்ளி வீசுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இறுதியாண்டு ஆய்வுக்காக எங்கள் பக்கத்து மலைகளில் மண் மாதிரி எடுத்தபோது அவரையும் அழைத்துப் போனேன். செங்குத்தான சரிவில் மேல்மண் எங்கே கழுவிப்போகிறது, எங்கே தங்குகிறது என்பதை அவர் காலால் தட்டியே காட்டினார். அவர் காட்டிய இடங்களையும் என் மாதிரித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். எங்கள் ஊரில், சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் நிறுவப்பட்டது. அதன் வாசலைக் கடந்து பாடசாலைக்குப் போன எத்தனையோ பிள்ளைகளில், உள்ளே போய் அதன் நூல்களைப் புரட்டும் வாய்ப்பு எனக்கு அந்த ஆய்வினால்தான் வந்தது.

இப்போது பெறுபேறு வந்த பின்னுள்ள ஞாயிற்றுக்கிழமைகளில், ஓய்வுபெற்ற எங்கள் டீச்சரும் நானும் கோயில் மண்டபத்தில் உட்கார்கிறோம். ஞாயிறு என்றால் பெற்றோருக்குப் பேர் போகாது. கைந்நூல், பெறுபேற்றுத் தாள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், அடையாள அட்டைகள், பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்கிறோம். தாத்தா பாட்டி பத்திரப்படுத்திய பழைய பெட்டி ஏதும் வீட்டில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். கலஹாப் பக்கத்திலிருந்தும் போன முறை சில பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அங்கேயே உட்கார்ந்து உதவ ஓர் ஆசிரியரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.