608.7-லிருந்து 614.2: டிரிகர் ஓவர்டிராவலைக் குறைத்த அனுபவம்

முந்தாநாள் ஏர் ரைபிள் தேர்வு முடிவு வந்தது, 60 குண்டுக்கு 614.2 புள்ளி. கிளப் அணிக்கு 610 எடுத்தால் போதும். போன தேர்வில் 608.7-இல் நின்றுபோனேன், அந்த 1.3 புள்ளி நாலு மாதம் என்னைச் சரியாகத் தூங்கவிடவில்லை. மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், 10 மீட்டர் ஏர் ரைபிள் தேர்வுக்குத் தயாராகும் யாருக்காவது உதவும்.

நிற்கும் நிலை, மூச்சு, 75 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது, இதையெல்லாம் உங்கள் கோச் சொல்லித் தருவார். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: டிரிகர் விடுபட்ட பிறகும் உங்கள் விரல் எவ்வளவு தூரம் ஓடுகிறது? அந்த ஓட்டம்தான் ஓவர்டிராவல்.

போன முறை என் பெல்லட்டுகள் வலப்பக்கமாகவே போய் விழுந்தன. 'நடு' என்று எனக்குத் தோன்றியதெல்லாம் திரையில் 9.8, 9.9. குறிபார்க்கும் சைட்டைத் திருப்பினேன், தோளில் பதியும் பின்தகட்டை மாற்றினேன், பெல்லட் டப்பாவைக்கூட மாற்றினேன். பயன் இல்லை. கடைசியில் கிளப்பில் ஒரு மூத்த அண்ணன்தான், "தம்பி, இலக்கை விடு, வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் பண்ணு, முன்சைட்டிலிருந்து கண்ணை எடுக்காதே" என்றார். டிரை ஃபயர் என்றால் பெல்லட் போடாமல் டிரிகரை மட்டும் இழுப்பது. பண்ணினேன். 'கிளிக்' சத்தத்தோடு முன்சைட் வலப்பக்கம் துள்ளியது! சியர் (டிரிகருக்குள் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) விட்டதும் தடை இல்லாமல் விரல் பின்னால் பாய்ந்து ஸ்டாப்பில் (டிரிகரின் ஓட்டத்தை நிறுத்தும் திருகாணி) போய் இடிக்கிறது, பெல்லட்டோ குழலை விட்டு வெளியேற இன்னும் சில மில்லி விநாடி எடுக்கும், அந்த இடைவெளியில் ரைபிள் அசைந்துவிடுகிறது. 0.1 புள்ளி என்பது இலக்கில் 0.25 மில்லிமீட்டர். ஒவ்வொரு குண்டும் அவ்வளவு உள்ளே வந்தாலே 60 குண்டுக்கு 6 புள்ளி, எனக்குத் தேவைப்பட்டது 1.3.

நம் மலேசியாவில் 1960 ஆயுதச் சட்டப்படி ஏர் ரைபிளும் ஆயுதம்தான், உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துத் திருகிப் பார்க்க முடியாது. சனிக்கிழமைதோறும் செந்தூலிலிருந்து சுபாங் சுடுதளத்துக்குப் போய், கோச் பக்கத்தில் நிற்கத்தான் இதைச் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

செய்த முறை:

- பெல்லட் இல்லை என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். டிரை ஃபயர் நிலையில், குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும்.
- டிரிகரின் முதல் நிலை (லேசாக நகரும் பகுதி), இரண்டாம் நிலை (தடை தட்டி விடுபடும் பகுதி), எடை (இழுக்கத் தேவையான அழுத்தம்) மூன்றையும் முதலில் சரிசெய்து முடித்துவிடுங்கள். பிறகு அதில் கை வைத்தால் விடுபடும் இடம் நகர்ந்துவிடும், ஸ்டாப் வேலை வீண்.
- ஸ்டாப் திருகாணியை டிரிகர் விடுபடாத வரை உள்ளே திருகுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே, விடுபடும் வரை. அங்கிருந்து இன்னும் கால் சுற்று வெளியே.
- மெதுவாக 30, வேகமாக 10 டிரை ஃபயர். ஒன்று அடம்பிடித்தாலும் இன்னும் கொஞ்சம் வெளியே எடுங்கள்.
- திருகாணி நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள்.

அந்தக் கால் சுற்றை நான் முதலில் விடவில்லை. ஓவர்டிராவல் சுத்தமாகவே இருக்கக் கூடாது என்று பிடிவாதமாக இறுக்கி வைத்தேன், பயிற்சியில் 37-ஆவது குண்டில் டிரிகர் கல் மாதிரி நின்றுவிட்டது. சியர் உரசிக்கொண்டு விடும்போது எடை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும், அது ஓவர்டிராவலை விட மோசம். அழுக்கும் தேய்மானமும் சேரும், அதற்கு இடம் வேண்டும்.

அப்புறம் ஒன்று. என் விரல் அவசரக்கார விரல், அதனால்தான் இது எனக்கு இவ்வளவு கைகொடுத்தது என்று நினைக்கிறேன். நிதானமாக அழுத்துகிறவர்களுக்குக் கொஞ்சம் ஓட்டம் இருப்பதே பிடிக்கலாம். ஆனால் சுவர்ப் பயிற்சியை யாரும் தவிர்க்காதீர்கள், தினம் 20 நிமிடம் போதும்.

கிளப் ரைபிளாக இருந்தால், திருப்பிக் கொடுக்கும் முன் திருகாணியை நீங்கள் தொடும் முன் இருந்த இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். அடுத்து எடுப்பவரின் விரல் வேறு.