நவூரு கொடி இமோஜி 🇳🇷

நீலத்துக்கு நடுவே ஓடும் மஞ்சள் கோடுதான் பூமத்திய ரேகை. அதற்குக் கீழே, கொடிக்கம்பத்துப் பக்கமாக இருக்கும் வெள்ளை நட்சத்திரம், பசிபிக் கடலின் குட்டித் தீவு நாடான நவூரு. நிஜத்திலும் தீவு ரேகைக்குத் தெற்கே ஒரு டிகிரிகூடத் தள்ளி இல்லை. கொடியே மேப்! நட்சத்திரத்தின் 12 முனைகளும் 12 பூர்வகுடிகள்; போனில் வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும், பெரிதாக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 31 சுதந்திர தினத்துக்கு (1968) இதைப் போடுகிறவர்கள் கவனிக்க: என் (N), ஆர் (R) என்ற இரண்டு எழுத்துக் குறியீடுகள் சேர்ந்ததுதான் இந்த இமோஜி. விண்டோஸில் அந்த எழுத்துகள் மட்டும் தெரிந்தால் பதறவேண்டாம், அதன் இமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகளே கிடையாது. ஆனால் ஆர் இடத்தில் யு (U) வந்தால் நியுவே நாட்டுக் கொடி, ஏ (A) வந்தால் நமீபியா கொடி. அதற்கு விண்டோஸைத் திட்டமுடியாது.