கன்ட்ரோலும் ஊதாவாக நின்ற கதை

வேலை என்னவோ சின்னதுதான். பாக்டீரியாவின் செல் சுவரிலுள்ள சிறு துணுக்கான முராமைல் டைபெப்டைடைக் (எம்.டி.பி.) கொடுத்தால், கிருமிகளை விழுங்கும் எதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ்கள் தட்டில் எவ்வளவு ஒட்டுகின்றன, எவ்வளவு நகர்கின்றன என்று பார்க்க வேண்டும். தடுப்பாற்றலைத் தூண்டிவிடச் சேர்க்கும் ஃபிராய்ண்ட் அட்ஜுவன்ட் என்ற கலவையில் மைக்கோபாக்டீரியத்துக்குப் பதிலாக இந்தத் துணுக்கே போதும் என்பது 1974-லேயே தெரிந்துவிட்டது. இது பட்டால் மேக்ரோபேஜ்கள் பரந்து படுத்துக்கொள்ளும், ஊர்வது குறையும் என்பதும் பழைய சேதி. அதை நானும் பார்ப்பதற்குள் ஆறு வாரம் போய்விட்டது.

முதலில் பார்சல். கடலூரிலிருந்து சனிக்கிழமை பஸ் பிடித்து புதுச்சேரி லேபுக்குப் போனால், "பி.ஓ. காப்பியில ஒரு கையெழுத்து குறையுதே, திங்கட்கிழமை வாங்கம்மா" என்றார் ஸ்டோர்க்காரர். உள்ளே ஐஸ் பேக் இருக்கு சார் என்றேன். "ஐஸ்தானே, ஃபேனுக்குக் கீழ வைக்கிறேன்" என்றார். உலர்ந்த பொடி என்பதால் பிழைத்தது. ஃப்ரீசரில் இருந்து எடுத்த வயலை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அத்தனையும் பொடியில் போய் உட்காரும்.

ரா 264.7 என்ற எலி மேக்ரோபேஜ் செல்கள் வளர்ந்தன. செல்களைப் பிரிக்கும் டிரிப்சின் நொதியோடு மல்லுக்கட்டாமல் ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுத்தேன். குழிகள் (வெல்கள்) உள்ள தட்டில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவி, ஒட்டி நிற்கும் செல்களை ஊதாவாக்கும் கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டேன். எம்.டி.பி. விட்ட வெல்கள் திராட்சை நிறத்தில் நின்றன. போட்டோ எடுத்து மேடமுக்கு அனுப்பினேன். "செயலற்ற எம்.டி.பி. எங்கம்மா?" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அமினோ அமிலம் ஒன்று மட்டும் திரும்பியிருக்கும், வேலை செய்யாத வடிவம் அது; ஒப்பிடுவதற்கான கன்ட்ரோல். போட்டுப் பார்த்தால் அதுவும் அதே திராட்சை! கழுவும்போது பிப்பெட்டை எந்தக் கோணத்தில் பிடித்தேன் என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்தேன். கடைசியில் சீனியர் அக்காதான் கேட்டார், "பஃபர் எந்த பாட்டில்ல?"

எம்.டி.பி.யைக் கரைத்த உப்புக் கரைசலைத்தான் கேட்டார். சாதாரணக் கண்ணாடி பாட்டில். ஆட்டோகிளேவ் செய்ததுதான். ஆனால் ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர, அதன் உறையிலுள்ள எண்டோடாக்சின் என்ற நச்சை அழிக்காது. அதுவும் மேக்ரோபேஜ்களைத் தூண்டிவிடும். கண்ணாடியை 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். எண்டோடாக்சின் இருந்தால் ஜெல்லியாக உறையும் எல்.ஏ.எல். சோதனை போட்டோம். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது ஜெல்லி அசையவே இல்லை. போதாக்குறைக்கு எண்டோடாக்சினும் எம்.டி.பி.யும் சேர்ந்தால் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

செல் வளர்க்கும் வெறும் மீடியத்தை மட்டும் முதலில் கன்ட்ரோலாக வைத்தது என் முட்டாள்தனம். பஃபர் மட்டும் விட்ட வெல் ஒன்று இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

புது பஃபரில் செயலற்ற வெல்கள் வெளுத்தன. எம்.டி.பி. வெல்கள் கொஞ்சம் அடர்த்தியாக நின்றன, திராட்சை அளவுக்கெல்லாம் இல்லை. நகர்வுக்கு 8 மைக்ரான் டிரான்ஸ்வெல்; செல்கள் நுண்துளைச் சவ்வு வழியே கீழே ஊர்ந்துபோகும் சிறு கிண்ணம். மேல்பக்கச் செல்களைப் பஞ்சால் துடைக்க மறந்தால் எண்ணிக்கை பொய். மற்றபடி சிக்கல் இல்லை.

இப்போது அந்த பாட்டிலில் அக்கா கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "தொட்டால் கை இருக்காது."