40 மணித்தியால வொலன்ரியர் வேலையும் கோ-ஒப்பும்: எங்கள் வீட்டு அனுபவம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 30 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் புள்ளி) எடுத்தால் போதும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அண்மையில் ஒரு பிறந்தநாள் வீட்டில், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருவர் என்னிடம், "வொலன்ரியர் மணித்தியாலம் ஒண்டும் இன்னும் செய்யேல்லை அக்கா, அது கட்டாயமோ?" என்று கேட்டார். கட்டாயம்தான். பாடங்கள், எழுத்தறிவுத் தேர்வு எல்லாம் சரியாக இருந்தாலும், 40 மணித்தியாலச் சமூகப் பணி இல்லாமல் டிப்ளோமா கையில் வராது. 1999இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளில் தொடங்கி நடைமுறையில் இருக்கிற விதி இது.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் இதைத் தாண்டி வந்துவிட்டார்கள். மகன் முடித்தது 2021இல். கொரோனா காலம் என்பதால் அந்த வருடம் மாகாண அரசு 40ஐ 20ஆகக் குறைத்திருந்தது. அவன் அதற்கு முன்பே கோயிலிலும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் நின்று சேர்த்துவிட்டதால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மகள் அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். அப்போது விதி மறுபடியும் 40. நான் எழுதப்போவது பெரும்பாலும் அவளுடைய கதையைத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்தில் 40 மணித்தியாலம் என்பது வேலை என்று பார்த்தால் மிகச் சிறியது. வருடத்துக்குப் பத்துத்தான் வரும். நேரத்தைத் தின்பது வேலை இல்லை. உள்ளே எடுபடுவதும், அதற்கான காத்திருப்பும், கையெழுத்தும்தான். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே மணித்தியாலம் சேர்க்கத் தொடங்கலாம். இது பலருக்குத் தெரியாது, பள்ளியும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து விளக்குவதில்லை. எங்களுக்கு மகனால் தெரிந்திருந்தது.

அந்தக் கோடையில் மகள் தொடங்கியது கோயிலில். அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டுவது, சாப்பிட்ட மேசை துடைப்பது, வாசலில் நின்று வழிகாட்டுவது. நல்ல வேலைகள்தான். ஆனால் அங்கே அவளை எல்லோருக்கும் தெரியும். பிழை விட்டாலும் "பரவாயில்லை பிள்ளை" என்று ஒரு மாமி வந்து செய்துவிடுவார். பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் சேர்ந்ததும், மிச்சத்தை நம்மை யாருக்கும் தெரியாத இடத்தில் செய் என்று நானே சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ("அவர்" என்றால் எங்கள் வீட்டுக்காரர். "கோயிலிலேயே நாற்பதையும் முடிச்சால் என்ன?" என்பது அவருடைய கட்சி. கார் ஓட்டும் வேலை அவருடையது, அதனால் கேள்வி நியாயமானது.)

வெளியே தேடத் தொடங்கியதும்தான் உண்மையான ஓட்டம் ஆரம்பித்தது. முதலில் ஒரு ஆஸ்பத்திரி. விண்ணப்பம், இரண்டு பேருடைய சிபாரிசு, தடுப்பூசி போட்ட மஞ்சள் அட்டை, அதற்கு மேல் இரண்டு கட்டக் காசநோய்ப் பரிசோதனை. இந்தப் பரிசோதனையைப் பற்றி முன்பே சொல்லி வைக்கிறேன். கையில் ஊசி போடுவார்கள். 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் திரும்பிப் போய் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து அதே ஊசி, அதே பார்வை. ஆக நான்கு தரம் கிளினிக்குக்குப் போக வேண்டும். வியாழக்கிழமை ஊசி போட்டால் பார்க்க வேண்டிய நாள் சனி, ஞாயிறில் விழும். கிளினிக் பூட்டியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இவ்வளவும் செய்து கொடுத்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து மாதக்கணக்காகச் சத்தமில்லை. பிறகு ஒரு மின்னஞ்சல்: இந்தப் பருவத்துக்கு ஆட்கள் நிரம்பிவிட்டார்கள், எடுத்தாலும் குறைந்தது ஆறு மாதம் வாராவாரம் வர வேண்டும். மருத்துவம் படிக்கிற எண்ணம் உள்ள பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்கலாம். டிப்ளோமாவுக்கு மணித்தியாலம் தேடுபவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு வருடத்தை விடத் தேவையில்லை.

உணவு வங்கி வேறு மாதிரி. ஆள் தேவை அவர்களுக்கு எப்போதும் இருக்கிறது, இணையத்தில் நாளைத் தெரிந்து பதிந்தால் சரி. நாங்கள் போன இடத்தில் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுடன் பெரியவர் ஒருவர் வர வேண்டும் என்றார்கள், அதனால் நானும் பக்கத்தில் நின்று தகரப்பேணி பிரித்தேன். வந்து குவிந்திருக்கும் பொருட்களில் திகதி பார்ப்பது, நசுங்கி விளிம்பு கிழிந்த பேணிகளை ஒதுக்குவது, மீன், பயறு வகை, குழந்தை உணவு என்று பெட்டி பெட்டியாகப் பிரிப்பது. மூன்று மணித்தியாலம் நின்றால் முதுகு பேசும். மகள் அன்று வீட்டுக்கு வந்ததும் எங்கள் சாமான் அலுமாரியைத் திறந்து திகதி பார்க்கத் தொடங்கினாள். 2019ஆம் ஆண்டுத் தேங்காய்ப்பால் பேணி ஒன்று அகப்பட்டது. அதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை.

மிச்சம் முழுவதும் நூலகத்தில். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நகரெங்கும் 100 கிளைகள் இருக்கின்றன. இளையோர் ஆலோசனைக் குழு, சிறு வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து வாசிக்கப் பழக்குவது என்று பதின்ம வயதுக்காரருக்கு ஏற்ற வேலைகள் பல கிளைகளில் உண்டு. கிளைக்குள் நேரே போய்க் கேட்பதுதான் நல்லது. நாங்கள் வாகனத்தை நிறுத்தியதும் நானும் கதவைத் திறந்தேன். "அம்மா, நீங்கள் இருங்கோ. நான் போய்க் கதைக்கிறன்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவள் செய்தது சரி. பெற்றோர் வந்து பேசினால், பிள்ளைக்கு விருப்பமா, அம்மாவுக்கு விருப்பமா என்று அவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று அங்கே வேலை செய்யும் ஒருவரே பிறகு சொன்னார். அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். டைனோசர் தவிர வேறு எதையும் வாசிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தவன். வாராவாரம் ஒரு மணித்தியாலம் என்பதால் மணித்தியாலம் மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் பஸ்ஸில் தானாகப் போய் வந்தாள், நேரம் தவறினால் தானே தொலைபேசியில் சொன்னாள். கோயிலில் இது நடந்திருக்காது.

இனி எது எண்ணப்படும், எது எண்ணப்படாது என்ற விஷயம். எங்கள் ஆட்களிடம் குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். தெரிந்த ஒருவர், நல்ல மனதோடுதான், "எங்கட கடையில வந்து நிக்கட்டும் அக்கா, எத்தினை மணித்தியாலம் வேணுமெண்டாலும் எழுதித் தாறன்" என்றார். காசாளர், சாமான் அடுக்குபவர் என்று சம்பளத்துக்கு ஒருவர் செய்யும் வேலையைப் பிள்ளை இலவசமாகச் செய்தால் அது செல்லாது. சம்பளம் வாங்கிச் செய்த வேலையும் செல்லாது. வீட்டில் தம்பியைப் பார்த்தேன், பனி அள்ளினேன் என்பதெல்லாம் வீட்டு வேலை, கணக்கில் வராது. பக்கத்து வீட்டு முதியவருக்குப் பனி அள்ளினால் வரும், முன்பே பள்ளியில் கேட்டுக்கொண்டால். வாகனம், மின்சாரக் கருவி, கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் சம்பந்தப்பட்டவை, யாருக்கும் மருந்து கொடுப்பது, வங்கி வேலை, நகை போன்ற பெறுமதியான பொருட்களைக் கையாளுவது எல்லாம் தடை செய்யப்பட்டவை. பாட நேரத்தில் செய்வதும் தடை, ஆனால் மதிய இடைவேளையில் செய்வது பரவாயில்லை. அனுமதிக்கப்பட்ட வேலைகளின் பட்டியலில் இல்லாத ஏதாவது ஒன்று என்றால், செய்வதற்கு முன்பு அதிபரின் அனுமதி எழுத்தில் வேண்டும். 2022 ஒக்ரோபரில் நகரசபைத் தேர்தல் வந்தபோது மகளின் தோழிகள் சிலர் ஒரு வேட்பாளருக்குத் துண்டுப்பிரசுரம் கொடுக்கப் போனார்கள். முன்பே கேட்டுக்கொண்டு போனதால் அவர்களுக்குப் பிரச்சினை வரவில்லை.

கையெழுத்துக்காகப் பொய் எழுதிக்கொடுப்பது நடக்கிறதா என்று கேட்டால், நடக்கிறது. எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைக்காரரிடம் நான் நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். நான் அவ்வளவு யோக்கியம் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. படிவத்தில் பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு வயதில் முதன்முதலாக அவள் போடப்போகும் கையெழுத்து பொய்யான தாளில் விழ வேண்டாம் என்று பட்டது.

அடுத்தது கோ-ஒப். இதையும் 40 மணித்தியாலத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புபவர்கள் அதிகம். கோ-ஒப் என்பது ஒரு வேலையிடத்தில் நின்று பழகும் பாடம். ஒரு கிரெடிட்டுக்கு 110 மணித்தியாலம், இரண்டு எடுத்தால் 220. வேலையிடத்தில் நிற்கும் நேரமும் வகுப்பில் நடக்கும் பகுதியும் சேர்ந்த கணக்கு அது. கிரெடிட் கிடைக்கிறபடியால் அந்த நேரத்தை வொலன்ரியர் கணக்கில் போட முடியாது. கோ-ஒப் கட்டாயமும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கதை வேறு. சரேயில் இருக்கும் என் தங்கச்சியின் மகனுக்கு 30 மணித்தியால வேலை அனுபவம் அல்லது தொழில் ஆய்வு, தொழில்-வாழ்க்கைப் பாடத்துக்குள்ளேயே கட்டாயமாக வந்தது. அங்கே உள்ளவர்கள் சொல்வதைக் கேட்டு இங்கே முடிவெடுத்தால் சிக்கல், எதிர்ப்பக்கமும் அப்படித்தான்.

மகள் பதினோராம் வகுப்பில் இரண்டு கிரெடிட் கோ-ஒப் எடுத்தாள். ஏன் பதினோராம் வகுப்பு என்றால், ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பல்கலைக்கழகத் தரப் பாடங்கள் வேண்டும். வேதியியல், கணிதம், உயிரியல் என்று அடுக்கினால் அந்த வருடத்தில் கோ-ஒப்புக்கு இடம் கிடைப்பது கஷ்டம். கோடையில் எடுக்கவும் வழி இருக்கிறது. எங்கள் பள்ளியின் கைடன்ஸ் (பாடத் தெரிவுக்கு வழிகாட்டும்) அலுவலகத்தில் இதை நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். பாடத் தெரிவு பெப்ரவரி அளவில் நடக்கும், அதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

தொடக்கத்தில் வேலையிடத்துக்கு அனுப்பவே மாட்டார்கள். முதலில் வகுப்பில் பாதுகாப்பு, தொழிலாளர் உரிமை, வாடிக்கையாளர் விவரங்களை வெளியே சொல்லாமலிருப்பது எல்லாம் படிப்பித்தார்கள். பிறகு ஒரு ஒப்பந்தப் படிவம். பிள்ளை, பெற்றோர், பள்ளி, வேலையிடம் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். சம்பளம் இல்லாத கோ-ஒப் பிள்ளைகளுக்கு வேலையிட விபத்துக் காப்புறுதி இந்த ஒப்பந்தத்தால்தான் வருகிறது. 40 மணித்தியால வேலைக்கு அந்தக் காப்புறுதி கிடையாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

அவளுக்குக் கிடைத்தது ஒரு பிசியோதெரபி கிளினிக். துவாய் மடிப்பது, கட்டில் துடைப்பது, தொலைபேசி எடுப்பது. நோயாளியைத் தொட அனுமதி இல்லை, பார்க்கலாம். ஆரம்பத்தில், "மூன்று மணித்தியாலம் துவாய் மடிக்கவா நான் போறன்?" என்று சிணுங்கினாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி காப்புறுதிக் கோரிக்கைகளைப் போடும் விதத்தைக் காட்டிக் கொடுத்த பிறகு கதையே மாறிவிட்டது. எங்கள் வீட்டுப் பல்வைத்தியச் செலவுக்கு ஏன் முழுக் காசும் திரும்பி வரவில்லை என்பதை எனக்கு முதன்முதலாகத் தெளிவாக விளக்கியது அவள்தான். பிசியோதெரபிஸ்ட் ஆகும் ஆசை அதற்குள் போய்விட்டது. ஒரு பருவத்தில் தெரிந்தது நல்லது, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் தெரிந்திருந்தால் பெரிய செலவு.

மறுபடியும் வொலன்ரியர் படிவத்துக்கு வருகிறேன். இப்போது சில கல்விச் சபைகளில் இணையத்தில் பதிகிறார்கள், எங்கள் பள்ளியில் தாள்தான். ஒவ்வொரு இடத்தில் வேலை முடிந்ததும் அன்றே கையெழுத்து வாங்குங்கள். பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த வருடம் போய்க் கேட்டால் புதிதாக வந்தவருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. பள்ளியில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மகளின் ஒன்பதாம் வகுப்புத் தாள் பள்ளியில் இல்லை என்றார்கள். கோயிலில் செய்த அத்தனையும் அந்தத் தாளில்தான் இருந்தது. படம் இருந்ததால் ஒரு மின்னஞ்சலோடு முடிந்தது.

இன்னொன்று: 40 முடிந்ததா இல்லையா என்பது மட்டும்தான் ட்ரான்ஸ்கிரிப்டில் (பள்ளியின் மதிப்பெண் பதிவில்) வரும். எங்கே செய்தாள், எவ்வளவு கூடச் செய்தாள் என்பதெல்லாம் அதில் இராது. புலமைப்பரிசில் விண்ணப்பங்களில் அதைத்தான் தனியாகக் கேட்கிறார்கள், கடிதத்தோடு. நூலகத்தில் மகளைப் பார்த்துக்கொண்டவர் வேறு கிளைக்கு மாறிப் போகிறார் என்று தெரிந்ததும், அவர் போவதற்கு முதல் வாரமே அவள் போய்க் கடிதம் கேட்டு வாங்கிவிட்டாள். விண்ணப்பங்கள் திறக்க அப்போது இன்னும் ஒரு வருடம் இருந்தது.