காசிமேட்டு போர்டு: கடைசியில் கடுக்காய் பிடித்தது

நாற்பது நாளாகிவிட்டது, என் பழைய கடை போர்டில் துரு திரும்பவில்லை. நடுவில் ஒரு வாரம் நல்ல மழையும் பெய்து ஓய்ந்தது. இனி தைரியமாக எழுதலாம்.

காசிமேட்டுக் காயலான் கடையில் எடைக்கு வாங்கிய, ஒரு வாடகை சைக்கிள் நிலையத்தின் தகர போர்டு அது. மூன்றடிக்கு இரண்டடி. மஞ்சள் தரை, நீல எழுத்து, சிவப்பில் நிழல். மூலையில் ஒரு சைக்கிள் படம். வரைந்த புண்ணியவான் இரண்டு பெடலையும் ஒரே பக்கத்தில் போட்டிருக்கிறார். அதற்காகவே வாங்கினேன். அடியில் ‘சென்னை-13’. னை, லை இரண்டுமே தும்பிக்கை வைத்த பழைய எழுத்து. அந்தத் தும்பிக்கையை எடுத்த எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978 அக்டோபரில் வந்தது. அதைச் சொல்லி, ‘78-க்கு முந்தின சரக்கு’ என்று விலை ஏற்றுகிறவர்களை நம்பாதீர்கள். கை பழகிய பெயிண்டர்கள் அதற்கப்புறமும் தும்பிக்கையை விடவில்லை.

சரி, துரு. இரண்டு தடவை தோற்றேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடுக்காய்க் கஷாயம் பூசி, கருப்பானதும் வார்னிஷ் அடித்தேன். மூன்றே வாரத்தில் ‘கி’யைச் சுற்றி வார்னிஷுக்கு அடியில் ஆரஞ்சுக் கொப்புளம். கஷாயத்தில் குறை இல்லை. கடுக்காயின் துவர்ப்பு துருவோடு சேர்ந்து கருநீலமாக இறுகத்தான் செய்தது. ஆனால் கடல் காற்றின் உப்பு துருக்குழிக்குள் இருந்தால் அது அடியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இதில் என் புத்திசாலித்தனம் வேறு: இரண்டு தடவையும் கழுவியது எங்கள் வீட்டு போர் தண்ணீரில். தண்டையார்பேட்டை போர் தண்ணீரில் உப்பை எடுக்கப் போனவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இந்தத் தடவை பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத டிஸ்டில்டு தண்ணீர். தகரத்தை ஊறப்போடவில்லை, போட்டால் பெயிண்ட் கிளம்பிவிடும். பஞ்சை நனைத்துத் துரு உள்ள இடத்தில் மட்டும் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள். மறுநாள் அந்தப் பஞ்சைப் பிழிந்து, வந்த தண்ணீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட். பால் மாதிரி வெளுத்தால் இன்னும் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். முதல் நாள் மோர், நாலாம் நாள் நீர்மோர், ஒன்பதாம் நாள்தான் தெளிந்தது. ஒவ்வொரு முறை பஞ்சை எடுத்ததும் ஹேர் டிரையரால் உடனே காயவைக்க வேண்டும்; அப்படியே விட்டால் புதுத் துரு. சில்வர் நைட்ரேட் பட்டு என் விரல் நுனியெல்லாம் கருப்பு. ஆபீசில் எலெக்‌ஷன் மையா என்று கேட்டார்கள்.

அதற்கப்புறம்தான் மறுபடி கடுக்காய்க் கஷாயம். கடுக்காய்க்கு ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைதான். பொடி வேண்டாம், காயாக வாங்கி இடித்துக்கொள்ளுங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது?

காயலான் கடை அண்ணன், “இன்னா தம்பி, தகரத்துக்கு வைத்தியமா?” என்று சிரித்தாலும், திருவொற்றியூரில் இதே மாதிரி ஒரு மரப்பலகை போர்டு இருப்பதாக அவர்தான் துப்பு கொடுத்தார். போய்ப் பார்த்தேன். ‘மணிக்கு’ வரை தெரிகிறது, மிச்சத்தின் மேல் மாவு கிரைண்டர் நிற்கிறது. கிரைண்டர்கார அம்மா, அதற்குப் பதிலாக வேறு பலகை கொண்டுவந்தால் தருகிறேன் என்கிறார். கிரைண்டர் அளவு எடுத்து வந்திருக்கிறேன்.

காசிமேட்டு போர்டில் வாடகை ரேட் எழுதிய கட்டம் மட்டும் பாக்கி. ரேட் ஏற ஏற அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ரிமூவர் போட்டால் மொத்தமும் கரைந்துவிடும் என்பதால் ஷேவிங் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுகிறேன், முகமூடி போட்டுக்கொண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். மேலே 1 ரூபாய், அதற்குக் கீழே 60 பைசா. அதற்கும் கீழே ஒரு 3-இன் வளைவு எட்டிப் பார்க்கிறது. 60-ஐ அழித்தால்தான் 3-க்குப் பக்கத்தில் என்ன என்று தெரியும். ரெண்டு நாளாகப் பிளேடைத் தொடவில்லை.