ஹைபர்நேட் எழுதும் குவெரியையும் படிக்க வேண்டும்

எங்கள் டீமில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான், ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸ் டேபிள்களோடு இணைக்கும் லைப்ரரியான ஹைபர்நேட்டின் அனோடேஷன்களை (கோடில் எழுதும் குறிப்புகளை) சொல்லித்தருவதற்கு முன்பே, அது அனுப்பும் குவெரிகளைக் காட்டும் எஸ்க்யூஎல் லாகை ஆன் செய்யச் சொல்லிவிடுவேன். நாம் எழுதும் ஜாவா வரிக்கும் டேட்டாபேஸுக்குப் போய்ச் சேரும் குவெரிக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

எட்கர் காட் 1970-ல் முன்வைத்த ரிலேஷனல் மாடலில் ஒரு டேபிளை இன்னொன்றோடு சேர்ப்பது கீ எனும் அடையாளத்தின் மதிப்பு மட்டும்தான். ஆப்ஜெக்ட் அப்படியல்ல. பில்லைப் பிடித்தால் வாடிக்கையாளர், அவரைப் பிடித்தால் முகவரி என்று போய்க்கொண்டே இருக்கலாம். இந்த இரண்டையும், ஜாவா டேட்டாபேஸோடு பேசும் அடிப்படை வழியான ஜேடிபிசியில் கையால் இணைக்க வேண்டுமானால், குவெரியின் விடையான ரிசல்ட்செட்டிலிருந்து ஒவ்வொரு நெடுவரிசையாக எடுத்து ஆப்ஜெக்டின் செட்டரில் போட வேண்டும். ஒரு நெடுவரிசை கூடினால் நாலு இடத்தில் கை வைக்க வேண்டும். 2001-ல் காவின் கிங் தொடங்கிய ஹைபர்நேட் இந்தச் சுமையை இறக்கியது. அதற்கு நான் உண்மையிலேயே கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் பில் பட்டியல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 பில், ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயர். பில்–வாடிக்கையாளர் உறவு லேசி, அதாவது தேவைப்படும்போதுதான் வாடிக்கையாளரை எடுக்கும் என்றால் பில்களுக்கு ஒரு குவெரி. வாடிக்கையாளர்கள் எல்லாம் வெவ்வேறு ஆட்கள் என்றால் அவர்களுக்கு இன்னும் 50. மொத்தம் 51. சொந்த லேப்டாப்பில் ஐந்து பில்லை வைத்து டெஸ்ட் செய்யும்போது இது தெரியவே தெரியாது. சரி, வாடிக்கையாளரை உடனே எடுக்கும்படி ஈகர் என்று மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. டேபிளுக்குப் பதில் ஆப்ஜெக்டுகளை வைத்து எழுதும் ஜேபிக்யூஎல் குவெரி என்றால் ஹைபர்நேட் பில்களை எடுத்துவிட்டு, அப்புறம் வாடிக்கையாளர்களைத் தனித்தனி செலக்ட்டில்தான் எடுக்கும். குவெரியிலேயே, வாடிக்கையாளரையும் சேர்த்தே எடு என்று சொல்லும் ஜாயின் ஃபெட்ச் போட்டால்தான் ஒரே குவெரியாகும்.

அதே மருந்தைப் பில்லில் உள்ள பொருட்களுக்கும் போட்டு, பக்கத்துக்கு 50 பில் என்று வரம்பும் வைத்தால் வேறு சிக்கல். ஜாயின் செய்த பிறகு வரும் ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருள். 50 வரிசையில் வெட்டினால் ஏதோ ஒரு பில் பாதியில் அறுந்துவிடும். அதனால் ஹைபர்நேட் எஸ்க்யூஎல்லில் வரம்பே வைக்காமல் எல்லா வரிசைகளையும் மெமரிக்குக் கொண்டுவந்து அங்கே வெட்டுகிறது. விடை சரியாகவே வரும். லாகில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் விழும். அந்த வரியைப் பார்க்காதவர்களுக்கு, டேபிள் லட்சக்கணக்கில் வளர்ந்த பிறகு சர்வர் மெமரி நிரம்பும்போதுதான் விஷயம் தெரியவரும். முதல் குவெரியில் 50 பில்களின் ஐடியை மட்டும் எடுத்து, இரண்டாவதில் அந்த ஐடிகளுக்குப் பொருட்களோடு ஃபெட்ச் செய்வதுதான் நான் நம்பும் வழி.

மாதாந்திர அறிக்கைக்கு நான் என்டிட்டியையே, அதாவது டேபிளோடு இணைத்த ஆப்ஜெக்டையே தொடுவதில்லை. கூட்டுத்தொகையும், வகைவாரியாகத் தொகுக்கும் ‘குரூப் பை’யும் டேட்டாபேஸின் வேலை. நேரடியாக எஸ்க்யூஎல் எழுதி, வேண்டிய நாலு நெடுவரிசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.