பெண் பார்க்க வருவதற்குள் கலர் வேண்டும்

முகத்துக்கு க்ரீம் கேட்டு வருகிறவர்கள் கடையில் கூட்டம் குறைந்த பிறகுதான் வாய் திறப்பார்கள். முதலில் ஒரு பாராசிட்டமால் அட்டையோ பஞ்சோ வாங்குவார்கள். அப்புறம் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இது இருக்கா?" என்று மெல்லக் கேட்பார்கள். மூல நோய்க்குக்கூடக் கூச்சப்படாமல் மருந்து கேட்கிற ஊர் இது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்தாளுநராக இருக்கிறேன். இந்தப் பிள்ளைகளின் தாழ்ந்த குரல்தான் இந்த வேலையில் என்னை அதிகம் வருத்துவது.

படத்தில் இருப்பது பெரும்பாலும் மூன்று மருந்து கலந்த க்ரீம். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. கன்னத்தில் மங்கு படர்ந்தவர்களுக்குத் தோல் டாக்டர் எழுதித் தருவது அது. ராத்திரி மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும். இங்கே அதை முகம் முழுக்க, வருஷக்கணக்கில் பூசுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பூசினாள், ஒரே வாரத்தில் வெளுத்தாள் என்பது போதும், யாரும் டாக்டரைத் தேடிப் போவதில்லை.

வெளுப்பது உண்மைதான். வம்பே அதுதான். ஸ்டீராய்டு தோலில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, ஹைட்ரோகுயினோன் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தியைத் தடுக்கிறது, ட்ரெட்டினாயின் மேல்தோலைச் சீக்கிரம் உரிய வைக்கிறது. கொஞ்ச நாளிலேயே முகம் பளிச்சென்று ஆகிவிடும். விடாமல் பூசினால் தோல் மெலியும், பரு கிளம்பும், கன்னத்தில் முடி அடர்ந்து வளரும், சிவப்பு நூல் ஓடினது போல ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் சிவந்து காந்தும். மறுபடி பூசினால் அடங்கும். அதனால், க்ரீம்தான் தன் முகத்தைக் காப்பாற்றுகிறது என்றே அந்தப் பெண் நம்புகிறாள்.

ஒரு நாள் ஓர் அம்மா மகளோடு வந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்கம்மா. அதுக்குள்ள கொஞ்சம் கலர் வந்தாப் போதும்" என்றார். மகள் எடை மெஷின் பக்கம் துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொண்டு நின்றாள். "எத்தனை நாளா பூசறே?" என்றேன். "ப்ளஸ் டூ படிக்கும்போதிருந்து, அக்கா." துப்பட்டாவை விலக்கினாள். இரண்டு கன்னமும் வெந்த மாதிரி இருந்தன. நெற்றியில் மயிர்க்கோட்டுக்குக் கீழே க்ரீம் படாத ஒரு விரல் அகலத்தில் மட்டும் அவளுடைய சொந்த நிறம், எந்தக் குறையும் இல்லாமல், வழவழப்பாக இருந்தது.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது நெசந்தாம்மா. போன தடவை வந்தவங்க, போட்டோவுல இருந்த கலர் நேர்ல இல்லையேன்னு சொல்லிட்டுப் போனாங்களே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் பஜ்ஜியும் காபியும் சாப்பிட்டுவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லிப் போனவர்கள்மேல்தான். மகளைத் துன்புறுத்த வேண்டும் என்று எந்தத் தாயும் க்ரீம் வாங்குவதில்லை. வெளியிலிருந்து வரும் சொல்லுக்குப் பயந்து வாங்குகிறார்கள்.

1975 முதல் விற்பனையில் இருந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே வருஷம் ஷாதி டாட் காம் தளமும் வரன் தேடுபவர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியை எடுத்துவிட்டது. இரண்டும் நல்லதுதான். ஆனால் என் கடையில் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

பிறந்த பிள்ளையையும் விடுவதில்லை. பேபி சோப்பு வாங்க வருகிற பாட்டிகள் சொல்வார்கள்: "இப்ப வெள்ளையாத்தான் இருக்கு, காது மடலைப் பார்த்தா கறுத்துரும்னு தோணுது. கலர் நிக்கிற மாதிரி சோப்பு இருக்கா?" பிறந்ததும் வெளிறி இருக்கிற குழந்தைக்கு மெலனின் கூடி அதன் நிறம் வந்து சேரச் சில மாதங்கள் ஆகும், எந்த சோப்பும் அதைத் தடுக்காது. கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் 2025 மார்ச்சில், தன் நிறத்தை வைத்து வந்த பேச்சைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற முடியுமா என்று நாலு வயதில் அம்மாவிடம் கேட்டதையும் அதில் சொல்லியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து, தூக்கி வந்த குழந்தையின் காதுபடப் பாட்டிகள் நிறம் பேசினால் நான் நடுவில் புகுந்து பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

சட்டம் இருக்கிறது. 2018இல் மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மத்திய அரசு அட்டவணை எச்-இல் சேர்த்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. நான் தருவதில்லை. "அடுத்த கடையில குடுக்கறாங்களே" என்று சிலர் போய்விடுவார்கள். சிலர் ஆன்லைனில் வாங்குகிறார்கள். தயாரித்தவர் பெயரே இல்லாத டப்பாக்கள் அதைவிட ஆபத்து, பாதரசம் கலந்திருக்கலாம். மலப்புறம் பக்கம் அப்படிப்பட்ட க்ரீம்களால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களை மருத்துவர்கள் 2023இல் கண்டறிந்தார்கள். அதனால் அந்த மாதிரி டப்பாவைக் காட்டினால், கால் வீங்குகிறதா, சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பெண்ணை மாவட்ட அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். வருஷக்கணக்கில் பூசியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதற்கு என்ன ஸ்டீராய்டு, எவ்வளவு வீரியம் என்று தெரிய வேண்டும். அதனால் வீட்டில் இருக்கிற காலி ட்யூபையும் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன்.